உயர்தரப் பெறுபேறு சறுக்கிய வீட்டில் நாங்கள் விடும் தவறுகள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் இரவில் யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றால் நடந்து போனாலே எந்த வீட்டில் என்ன வந்தது என்று தெரிந்துவிடும். நல்லது வந்த வீட்டில் போன் ஓயாது. மற்ற வீட்டில் வெளிலைற் அணைந்து கேற் பூட்டியிருக்கும்.

என் அக்காவின் மகள் உயிரியல் பிரிவில் படித்தவள். இரண்டு பாடத்தில் சி, ஒன்றில் ஆகக் குறைந்த சித்தியான எஸ். கனடாவிலிருந்து பெரியம்மா எடுத்துவிடுவா என்ற பயத்தில் அக்கா அன்றிரவே போனை நிறுத்திவிட்டார். அதன்பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் போனபோது பழைய வினாத்தாள்கள் உள்ள பாஸ் பேப்பர் புத்தகங்கள் உரப்பையில் கட்டப்பட்டு மூலையில் கிடந்தன. "யு.ஜி.சி. கைநூல் பார்த்தாயா பிள்ளை?" என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் பற்றிக் கேட்டேன். "அது கம்பஸ் கிடைச்ச ஆக்களுக்குத்தானே மாமா" என்றாள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

நான் பார்த்த அளவில், குறைந்த புள்ளியால் வழி அடைபட்ட பிள்ளைகளைவிட, வெட்கத்தில் திகதிகளைத் தவறவிட்டு வழி அடைபட்ட பிள்ளைகள்தான் அதிகம்.

முதல் தவறு, சித்தியைத் தோல்வி என்று எண்ணிவிடுவது. ஒரே தடவையில் மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ், பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. இவை இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி பிள்ளைக்கு இருக்கிறது. கிடைக்குமா இல்லையா என்பதை இசட் புள்ளி தீர்மானிக்கும். ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த புள்ளியின் சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதுதான் அது. மூன்று பாடத்துக்கும் எடுத்து அதன் சராசரியைப் போடுவார்கள். அதனால் இரண்டு சி, ஒரு எஸ் என்று எழுத்தை மட்டும் வைத்து அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

மருத்துவமும் பொறியியலும் கிடைக்காது என்று தெரிந்ததும் விண்ணப்பத்தையே கைவிடுகிறார்கள். கைநூலில் நூற்றுக்கு மேற்பட்ட கற்கைநெறிகள் இருக்கின்றன. உயிரியல் படித்த பிள்ளைக்கு தாதியியல், கைதடியில் சித்த மருத்துவம், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் என்று எங்கள் பக்கத்திலேயே தெரிவுகள் உண்டு. வவுனியா 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். அங்கே என்னென்ன கற்பிக்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை.

தெரிவுகளை வரிசைப்படுத்துவதிலும் ஒரு பயம் இருக்கிறது. "மேலே பெரிய கோர்ஸைப் போட்டால் கீழே உள்ளது கைநழுவிப் போகும்" என்று ரியூசன் வாசலில் யாரோ சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. உங்கள் இசட் புள்ளிக்கு எட்டும் தெரிவுகளில் மேலே இருப்பதே கிடைக்கும். எட்டாத ஒன்றை முதலில் போட்டதற்காகக் கீழே உள்ளதில் புள்ளி குறையாது. ஆகவே விருப்பத்தின் வரிசையிலேயே போடுங்கள், ஆனால் நாலைந்தோடு நிறுத்தாமல் நீளமாகப் போடுங்கள். போன வருட வெட்டுப்புள்ளி, அதாவது கடைசியாக இடம் கிடைத்தவரின் இசட் புள்ளி, ஒரு குறிப்பு மட்டுமே, அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். உளச்சார்புப் பரீட்சை வைத்து எடுக்கும் கற்கைநெறிகளும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு, நடனம், சித்திரம், கட்டடக்கலை போன்றவை. இவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் வேறாக விண்ணப்பம் கோரும். அந்தப் பரீட்சையில் சித்தியடையாமல் தெரிவுப் பட்டியலில் மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை.

மாவட்ட வெட்டுப்புள்ளியை நினைத்து வெந்து போவதும் எங்கள் ஊரில் வழக்கம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும் எடுக்கிறார்கள். மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தலைப் பட்டவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தக் கதை இரவிரவாகப் போகும். அந்த வலி நியாயமானது. ஆனால் பிள்ளையின் விண்ணப்பம் நிரப்பப்படாமல் மேசையில் கிடக்கும்போது அதைக் கதைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பது சரிதான். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால் கட்டாயம் போடுங்கள். அதை நம்பி மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைப்பதுதான் பிழை.

அடுத்தது, யோசிக்காமல் செக்கன் ஷைக்கு, அதாவது இரண்டாந்தரம் எழுத இறங்குவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு. 2024ஆம் ஆண்டுப் பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரல் இறுதியில் வந்தது, அடுத்த பரீட்சை நவம்பர் 10இல் தொடங்கிவிட்டது. ஆறரை மாதம். அழுது முடித்து, ரியூசன் தேடி, புத்தகத்தை மறுபடி திறக்கவே இரண்டு மாதம் போய்விடும். அதே வாத்தியாரிடம், அதே நோட்ஸை, அதே மேசையில் படித்தால் என்ன மாறும் என்று பிள்ளையைக் குத்தாமல் மெதுவாகக் கேளுங்கள். "பௌதிகவியலில் கணக்குப் பகுதி விளங்கவில்லை", "நேரம் போதவில்லை", "பரீட்சை நேரம் அம்மம்மாவுக்குச் சுகமில்லை" என்று திட்டமாக ஒரு காரணம் வந்தால், இரண்டாந்தரம் எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. "எல்லாரும் எழுதினம், நானும் எழுதுறன்" என்று மட்டும் வந்தால் அந்த ஆறு மாதத்துக்கு வேறு வேலை இருக்கிறது. பாடப்பிரிவை மாற்றி எழுதுவதும் ஒரு வழி. மற்ஸ் படித்தவன் கொமர்ஸ் எழுதினால் மானம் போய்விடாது. ஏதாவது கற்கைநெறி கிடைத்திருந்தால், பதிவு செய்யுமுன் கைநூலின் விதிகளை வாசியுங்கள். ஒருமுறை பதிந்தபின் அடுத்த பெறுபேற்றோடு மறுபடி விண்ணப்பிக்கக் கட்டுப்பாடு உண்டு.

சரி, யு.ஜி.சி. வழியே இல்லை என்று ஆனபின் என்ன? இங்கேதான் கௌரவக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறோம்.

1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் கொக்குவிலிலேயே இருக்கிறது. அது அரச பல்கலைக்கழகம், அதன் பட்டமும் பட்டம்தான். கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்கள் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை இங்கிருந்தே படித்து நல்ல வேலையில் இருப்பவர்கள் உண்டு. இந்த வழியில் பிள்ளைகள் விடும் தவறு, "வெளிவாரிதானே, லேசு" என்று நினைப்பது. உண்மையில் இதுதான் கஷ்டம். விரிவுரைக்கு வா என்று யாரும் கூப்பிடமாட்டார்கள், ஒப்படை எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். பதிந்த முதல் வருடத்திலேயே கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளாதவர்கள் இடையில் விட்டுவிடுகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து பதிந்து, சனிக்கிழமைகளில் ஒரு வீட்டில் கூடிப் படித்தவர்கள் முடித்திருக்கிறார்கள்.

உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் எச்.என்.டி. என்ற உயர் தேசிய டிப்ளோமா, கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரி, அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் என்று பெயர் சொன்னாலே சில அம்மாமாரின் முகம் மாறும். "என்ர பிள்ளை கராஜுக்கோ?" என்பார்கள். தேசிய தொழில் தகைமையில் 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, உயர் டிப்ளோமா. 7ஆம் மட்டம் பட்டம். இரத்மலானையில் உள்ள யுனிவோடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் அந்த ஏணியில் ஏறி வருபவர்களுக்காகவே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கையில் தொழிலோடு பட்டம் வரை போகலாம். சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கற்கைநெறி எந்த மட்டத்துச் சான்றிதழ் தருகிறது? பதில் எழுத்தில் வேண்டும்.

எழுத்தில் வாங்கும் பழக்கம் தனியார் நிறுவனங்களில் இன்னும் முக்கியம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தாலிக்கொடியை அடகு வைத்து மகனை "லண்டன் டிகிரி" தருவதாகச் சொன்ன ஓர் இடத்தில் சேர்த்தது. குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, ஆங்கிலத்தில் பேசும் தங்கச்சி. இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அவன் படித்தது ஃபவுண்டேஷன் என்ற ஆயத்தப் படிப்பும் ஒரு டிப்ளோமாவும், பட்டத்துக்கு மிச்சம் வெளிநாட்டில், வேறு கட்டணத்தில். அந்தப் பொடியன் சோம்பேறி இல்லை. வீட்டில் யாரும் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டம் தருவது யார்? உள்நாட்டு நிறுவனம் என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தக் குறித்த பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் அதை யு.ஜி.சி. ஏற்கிறதா? முழுப் படிப்புக்கும் மொத்தம் எவ்வளவு? மருத்துவம் படிக்க வெளிநாடு போவதென்றால் இன்னும் கவனம். இலங்கை மருத்துவ சபை உயர்தரத்தில் ஒரு குறைந்தபட்சத் தகைமை கேட்கிறது, திரும்பி வந்தபின் அதன் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். முகவர் அதைச் சொல்ல மறந்துவிடுவார். அங்கீகரிக்கப்பட்ட சில தனியார் பட்டங்களுக்கு அரசின் வட்டியில்லா மாணவர் கடனும் உண்டு, நகையைத் தொடுமுன் அதை விசாரியுங்கள்.

கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரிக்கும் தாதியர் பயிற்சிக்கும் வர்த்தமானியில்தான் விண்ணப்பம் கோருவார்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், தமிழிலும் இணையத்தில் கிடைக்கும். வீட்டில் ஒருவர் அதைப் பார்ப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளை பார்க்கும் என்று விட்டுவிடாதீர்கள், அந்த நாட்களில் அதற்கு மனம் இருக்காது. சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை கிடந்தால் விண்ணப்பமெல்லாம் பிறகு. பக்கத்தில் இருங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுக்கலாம்.

அக்காவின் மகளுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது பாடசாலைக்குப் போய் அதிபரிடம் கையெழுத்து வாங்குவதுதான். "சேர் என்ன நினைப்பார்" என்று இரண்டு நாள் தள்ளினாள். மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன். கந்தோர் வாங்கில் இருந்தோம், தலையைக் குனிந்து சீருடைப் பிள்ளைகளைப் பார்க்காமல் இருந்தாள். அதிபர் படிவத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். ஐந்து நிமிடம். வெளியே வந்து சைக்கிளை உருட்டும்போது கேட்டாள், "தாதியியலை இன்னும் மேல போடலாமா மாமா?"