தடைக்காலம் வருமுன் கேபிள் பில்லைக் குறைப்பது எப்படி?

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை எங்கள் பாம்பனில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்த 61 நாளும் வீட்டுக்காரருக்குத் தொழில் இல்லை. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் அரிசிக்கும் பலசரக்குக்குமே இழுபறி. ஆனாலும் கேபிளுக்கு மாதம் 380 ரூபாய் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. எதற்கு எவ்வளவு என்று நான் கேட்டதே இல்லை. போன வருஷம் மார்ச்சில் கேட்டேன். இப்போது கட்டுவது 198 ரூபாய் 24 காசு.

பணம் வாங்க வருகிற தம்பியிடம் முதலில் பில்லை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஒன்று, கேபிள் இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம். இன்னொன்று, கட்டணச் சேனல்களின் விலை. 2019 பிப்ரவரி 1 முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் கேபிள்காரர் சொன்னதுதான் தொகை. நெட்வொர்க் கட்டணத்துக்கு அப்போது 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், அதனால் உங்கள் ஊரில் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் எவ்வளவு என்பதைக் கேபிள் நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். எங்கள் கேபிளில் இன்னும் 130 தான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153.40.

அப்படியானால் மீதி 226 ரூபாய் எங்கே போனது? பல சேனல்களை மொத்தமாகச் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் பேக்குக்கு. நாங்கள் கேட்காமலேயே ஏதோ ஒரு பேக் எங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் படம், இந்தி, கார் பந்தயம் என்று யாரும் தொடாத சேனல்கள். என்ன சேனல் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது பார்ப்பவருடைய உரிமை. யாரோ தலையில் கட்டியதை வருஷக்கணக்கில் சுமந்திருக்கிறோம் என்று தெரிந்தபோது மனசு ஆறவில்லை.

சரி, எதை வைத்துக்கொள்வது? ஒரு வாரம், யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். மாமியாருக்கு ராத்திரி சீரியல், மகளுக்குப் பாட்டு, வீட்டுக்காரருக்குச் செய்தி. அவ்வளவுதான். தமிழ்ச் செய்திச் சேனல்களில் பல கட்டணமில்லாதவை. அவை நெட்வொர்க் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். தூர்தர்ஷன் சேனல்களும் அப்படித்தான், சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டியவை. ஆக, காசு கொடுத்து வாங்க வேண்டியது இரண்டே சேனல்.

ஒவ்வொரு சேனலின் விலையும் ரிமோட்டில் கைடை அழுத்தினால் திரையிலேயே தெரியும். 999-ஆம் எண் சேனலிலும் விவரம் ஓடும். 19 ரூபாய் என்று போட்டிருந்தால் வரியோடு 22.42 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கில் சேர்க்கிற சேனலுக்கு 19 ரூபாய்க்கு மேல் விலை வைக்கக்கூடாது என்பது விதி. எங்கள் இரண்டும் 19 ரூபாய்ச் சேனல்கள், அதனால் 44.84. நாலைந்து சேனல் வேண்டும் என்கிற வீட்டுக்கு மட்டும் சின்ன பேக் மலிவாக வரலாம். தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு, பேக்காக வாங்கினால் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாற்றச் சொல்லும்போது வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். நிறுவனத்தின் இலவச எண்ணுக்குப் போன் செய்து, நீக்க வேண்டிய பேக்கையும் சேர்க்க வேண்டிய சேனலையும் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் தடவை “மாத்தியாச்சுக்கா” என்று சொல்லிவிட்டு மாற்றவில்லை. எண் கையில் இருந்ததால்தான் இரண்டாம் தடவை பேச முடிந்தது.

தடைக்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கேரளாப் பக்கம் தொழிலுக்குப் போகிறவர்கள் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். 15 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அதாவது மார்ச் கடைசியிலேயே சொல்லிவிடுங்கள். நிறுத்தும் காலம் மாதக் கணக்கில் இருக்க வேண்டும். செட்-டாப் பாக்ஸ் வாடகைக்கு எடுத்ததென்றால் அந்த வாடகை மட்டும் வரும். இணைப்பை அவர்கள் திரும்பக் கொடுக்கும்போது என்ன கட்டணம் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், புயல். 2020 டிசம்பரில் புரெவி எங்களை ஒட்டி வந்து நின்றபோது ஐந்து நாள் சிக்னல் இல்லை. முழு மாதப் பணத்தையும் கட்டினோம். தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் சேவை இல்லையென்றால், இல்லாத நாளுக்கான பணத்தைக் கழிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சிக்னல் போன அன்றே புகார் பதிவு செய்துவிடுங்கள், நாள் கணக்கு அதில்தான் நிற்கும். உப்புக்காற்றில் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கனெக்டரும் துருப்பிடிக்கும். போன் செய்யும் முன் அதை ஒரு தடவை கழற்றித் துடைத்துப் பாருங்கள்.

மாதாமாதம் எதுவுமே கட்ட முடியாது என்கிற வீட்டுக்கு தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒரு தடவை செலவு செய்தால் போதும், சந்தா கிடையாது. தமிழ்ச் சேனல்கள் குறைவு, சீரியல் பார்க்கிற மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார். சின்ன வயதில் ராமேஸ்வரத்தில் 1,000 அடிக்கு மேல் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்தை நம்பி, கம்பி ஆன்டெனாவில் காசில்லாமல் பார்த்தவர்கள் நாங்கள். காற்று வாக்கில் இலங்கையின் ரூபவாஹினியும் வரும்.

எந்தச் சேனலை நீக்கினாலும் செய்திச் சேனலை மட்டும் நீக்கிவிடாதீர்கள். அக்டோபர் வந்துவிட்டால் பாம்பன் துறைமுகத்தில் எந்த எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்பதை எங்கள் வீட்டில் முதலில் சொல்வது அதுதான்.