ஷென் குவோ சொன்னபடி திசைகாட்டி ஊசியைத் தொங்கவிடும் முறை

சீனாவின் சொங் அரசமரபுக் காலத்தில் வாழ்ந்த அறிஞர் ஷென் குவோ, 1088-ஆம் ஆண்டளவில் எழுதிய குறிப்புகளில், காந்தக்கல்லில் தீட்டிய ஊசி தென்திசை காட்டும் என்று சொல்வதோடு நில்லாமல், அதை எப்படி வைத்துப் பார்ப்பது என்றும் விளக்குகிறார். நீரில் மிதக்கவிட்டால் ஊசி அலையும். விரல் நகத்திலோ கிண்ணத்தின் விளிம்பிலோ வைத்தால் விரைவாகத் திரும்பும், ஆனால் வழுக்கி விழும். பட்டிழையில் தொங்கவிடுவதே எல்லாவற்றிலும் நல்லது என்பது அவர் முடிவு. கையால் செய்து பார்த்தவரின் எழுத்து இது என்றே நான் நம்புகிறேன். நாமும் அவ்வாறே செய்து பார்க்கலாம்.

காந்தத்தில் ஒட்டுகிற சாதாரணத் தையல் ஊசி போதும். காந்தத்தின் வடமுனையை ஊசியின் காதருகே வைத்து, கூர்முனை வரை ஒரே போக்கில் இழுத்து, கையைத் தூக்கி, மறுபடியும் காதிலிருந்தே தொடங்குங்கள். நாற்பது முறையாவது இப்படித் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் ஏறிய காந்தம் கலைந்துவிடும்.

அடுத்தது இழை. புதிய பட்டின் ஒற்றை இழையை எடுக்கச் சொல்கிறார் ஷென் குவோ. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தையல் நூல் முறுக்கேறியது. ஊசியின் எடையில் அந்த முறுக்குப் பிரியும்போது ஊசியையும் சேர்த்துத் திருப்பிவிடுவதால், நீங்கள் காண்பது நூலின் போக்காக இருக்குமே தவிர, புவிக்காந்தத்தின் திசையாக இராது. பட்டுப் புடவையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எடுத்துப் பிரித்தால், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிழை கிடைக்கும். ஒரு சாண் நீளம் போதுமானது.

அந்த இழையின் நுனியை ஊசியின் இடுப்பில் வைத்து, கடுகளவு மெழுகால் ஒட்டுங்கள். கடுகு என்ற அளவும் அவர் சொன்னதே. நம் அடுக்களையில் அதற்கு விளக்கம் தேவையில்லை. ஒருபுறம் தாழ்ந்தால் மெழுகை அந்தப் பக்கமாகச் சற்றே நகர்த்துங்கள். சீனத்தில் புவிக்காந்தம் ஊசியின் வடமுனையைக் கீழ்நோக்கியும் இழுக்கும். காந்த ஊசி எப்பக்கமும் தாழாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், தமிழ்நாட்டில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

காற்றில்லாத இடத்தில் தொங்கவிடச் சொல்லியிருக்கிறார். மின்விசிறி சுழலும் வீட்டில் அது கடினம் என்பதால், அகன்ற வாய்க் கண்ணாடிக் குடுவையின் மேல் ஒரு குச்சியைக் குறுக்காக வைத்து, இழையை அதில் கட்டி உள்ளே இறக்கலாம். கைப்பேசியையும் இரும்புச் சாமான்களையும் தள்ளி வையுங்கள். ஊசி இருபுறமும் நெடுநேரம் ஊசலாடி, வீச்சுச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் அடங்கும். அதுவரை குடுவையைத் தொடாதீர்கள்.

ஊசி நேர்தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்காக விலகி நிற்கிறது என்றும் ஷென் குவோ பதிவு செய்தார். இந்தக் குறிப்பில் நான் பெரிதும் மதிப்பது அந்த ஒரு வரியைத்தான். உங்கள் ஊரின் நேர்தெற்கை அறிய, நிழல் நீண்டு விழும் மார்கழி அல்லது தை மாதத்தில், செங்குத்தாக நட்ட கோலின் மிகக் குறுகிய நண்பகல் நிழலைக் கோடாகக் குறித்து, அதனருகே குடுவையை வைத்து ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இன்று அந்த விலகல் மிகச் சிறியது என்பதால், ஊசியும் கோடும் ஏறத்தாழ இணையாகவே தெரியும்.

கூர்முனை வடக்கைக் காட்டினால் கலங்க வேண்டாம். சில ஊசிகள் வடக்கைக் காட்டும் என்று அவரே எழுதியிருக்கிறார்; காந்தத்தின் மறுமுனையால் மீண்டும் தேய்த்தால் ஊசி திரும்பிவிடும்.