விழாத வீட்டையும் எழுதுங்கள்: நிலநடுக்கக் களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இறுதியாண்டு மாணவர்களைக் கிளிநொச்சி நகருக்குள் களப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். "இங்க நேற்று நிலம் குலுங்கினது எண்டு வையுங்கோ. ஏ9 வீதியின்ர இந்தப் பக்கக் கட்டடங்களைப் பதிஞ்சுகொண்டு வாங்கோ" என்பதுதான் கொடுத்த வேலை. இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள். போன் நிறையப் படங்கள்: வெடித்த மதில், பூச்சுக் கழன்ற தூண், துருவேறிய கம்பி. வெடிப்பில்லாத கடை ஒன்றின் படம்கூட இல்லை. நான் முன்பு செய்த அதே பிழை. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இலங்கை பூமித்தட்டுகளின் விளிம்பில் இல்லை. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் படித்து முடித்து நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு நகரத்தைப் பதிகிற முறையைக் கற்றவருக்கு, வன்னியில் வெள்ளம் வந்தாலும் அதே முறை கைகொடுக்கும். தலைக்கவசம், தண்ணீர், பற்றரி பற்றியெல்லாம் நான் இங்கே எழுதவில்லை. அவற்றை மறந்தால் முதல் நாளே உங்களுக்குத் தெரிந்துவிடும். பிந்தித் தெரியவருகிற பிழைகள்தான் ஆபத்தானவை.

விழுந்ததை மட்டும் எழுதுவது

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியது. தண்ணீர் வடிந்ததும் சேத மதிப்பீட்டுக் குழு ஒன்றோடு ஒரு கிராமத்துக்குப் போனேன். சுவர் விழுந்த வீடு, தரை இறங்கிய வீடு, சீற் பறந்த வீடு என்று ஒன்றும் விடாமல் பதிந்தோம். மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு பெரியவர் படலைக்கு வெளியே வந்து கூப்பிட்டார்.

"தம்பி, எங்கட வீட்டையும் ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோவன்."

"உங்கட வீட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லையே ஐயா."

"அதுதான் தம்பி, பாருங்கோ எண்டுறன்."

நான் போகவில்லை. படிவத்தில் சேதமில்லாத வீட்டுக்கு இடமே இருக்கவில்லை, பொழுதும் பட்டுக்கொண்டிருந்தது.

ஜனவரி கடைசியில் ஓர் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. புதிதாகக் கட்டப்போகும் வீடுகளின் தரையை நிலமட்டத்திலிருந்து இன்னும் உயர்த்த வேண்டுமா? உயர்த்தினால் ஒரு வீட்டுக்கு இன்னும் இரண்டு வரிசைக் கல், அதற்கு மண், சீமெந்து, கூலி. அந்தச் செலவுக்கு ஆதாரம் கேட்டார்கள். எங்களிடம் விழுந்த வீடுகளின் பட்டியல் இருந்தது. அவற்றில் தாழ்ந்த தரைகளும் உண்டு, உயர்ந்த தரைகளும் உண்டு. ஆனால் உயர்ந்த தரையுள்ள வீடுகள் மொத்தம் எத்தனை, அவற்றில் எத்தனை விழுந்தன என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பத்து வீட்டில் மூன்று விழுவதும் நூறு வீட்டில் மூன்று விழுவதும் ஒன்றா? மொத்தம் தெரியாமல் 'மூன்று' என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது.

திரும்ப ஓடினோம். பெரியவரின் வீடு ஒன்றரை அடி உயர்த்திக் கட்டியது. அவரே மண் போட்டு உயர்த்தியிருக்கிறார். தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். சுவர் பளிச்சென்று இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ஊர் முழுக்க அப்படித்தான், தண்ணீர்க் கோடு ஒரு வீட்டிலும் மிஞ்சவில்லை. கடைசியில் புதிய வீடுகள் பழைய உயரத்திலேயே கட்டப்பட்டன. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அன்றைக்கு அந்தப் படலையைத் தாண்டி உள்ளே போக எனக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

நிலநடுக்கத்தில் இந்தப் பிழையின் விலை இன்னும் பெரிது. 1985 செப்டம்பர் 19ஆம் திகதி மெக்சிக்கோ நகரம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீற்றருக்கும் அப்பால், பசிபிக் கரையில். இடிந்த கொங்கிறீற் கட்டடங்களை மட்டும் படம் எடுத்துவந்த ஒருவர் 'கொங்கிறீற் கூடாது' என்று எழுதியிருப்பார். நின்ற கட்டடங்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பழைய காலத்துத் தாழ்ந்த கல் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. 1956இல் கட்டி முடித்த 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் நின்றது. பெரிய அடி விழுந்தது ஏறக்குறைய 6 முதல் 15 மாடி வரையான கட்டடங்களுக்கு.

ஏன் நடுவில் உள்ளவை? அதற்கு மண்ணைத் தெரிந்தவரும் நில அதிர்வைப் பதிகிறவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். நகரத்தின் மையம் பழைய ஏரிப் படுக்கை. எருமைத் தயிர்ச் சட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்: சட்டி நின்றுவிடும், உள்ளே தயிர் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் களிமண்ணும் அப்படித்தான், ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 2 செக்கன் என்ற கணக்கில் நெடுநேரம் ஆடியது. கெட்டியான எரிமலைப் பாறையில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் கருவி காட்டிய முடுக்கம் புவியீர்ப்பின் 3, 4 வீதம். ஏரி மண்ணில் இருந்த கருவி 17 வீதத்தைப் பதிந்தது. நடுத்தர உயரக் கட்டடம் வெடிக்க வெடிக்க அதன் ஆட்டமும் மெதுவாகி, மண்ணின் 2 செக்கனோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தாழ்ந்தது அதைவிட வேகமாக ஆடும், கோபுரம் அதைவிட மெதுவாக ஆடும். இரண்டும் மண்ணின் தாளத்தில் சிக்கவில்லை. நின்ற கட்டடங்களை எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் கதையில் பாதி கிடைத்திருக்காது.

ஆகவே ஒரு தெருவைத் தொட்டால் அந்தத் தெருவை முழுதாக எழுதுங்கள். 'சேதம் இல்லை' என்பதும் ஒரு பதிவு. மாடி எத்தனை, கட்டிய காலம், தரை மாடி திறந்த கடையா சுவர் உள்ளதா, தூண் எவ்வளவு பருமன் என்று விழுந்த கட்டடத்துக்கு எழுதும் அத்தனையும் நிற்கும் கட்டடத்துக்கும் வேண்டும்.

பழைய வெடிப்பைப் புதிதென்று எழுதுவது

2015 நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு குழுவோடு பக்தபூருக்குப் போனேன். ஒரு செங்கல் வீட்டில் மூலைவிட்டமாக ஓடிய வெடிப்பைக் கண்டதும் படம் எடுத்து, நடுக்கத்தால் வந்தது என்று எழுதிவிட்டேன். கூட வந்த உள்ளூர்ப் பொறியியலாளர் பேசாமல் ரோர்ச்சை வெடிப்புக்குள் பிடித்தார். உள்ளே இரண்டு பக்க விளிம்பிலும் சுவரின் நீலச் சாயம் வழிந்து காய்ந்திருந்தது. அப்படியென்றால் சாயம் அடிப்பதற்கு முன்பே வெடித்த சுவர் அது. புதிய வெடிப்பின் விளிம்பு கூராக இருக்கும், கல்லின் நிறம் மங்கியிராது. பழையதில் தூசி, சிலந்தி வலை, பூச்சு ஒட்டிய தடம் ஏதாவது இருக்கும். விரலை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

திசை எழுதாத படம்

எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று தெரியாத படம் எதற்கும் உதவாது. அழித்துவிடுங்கள்.

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வருவது

வீட்டுக்காரர் கட்டாயம் கேட்பார்: "உள்ளுக்க இருக்கலாமோ?" கற்க வந்த குழுவுக்கு அந்தப் பதிலைச் சொல்லும் அதிகாரம் இல்லை. நல்ல மனதோடு தலையை ஆட்டுவதும் பதில்தான் என்பதை மறக்கவேண்டாம்.

நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 செப்டம்பர் நடுக்கத்துக்குப் பிறகு, அங்கிருந்த சிரிவி (CTV) என்ற தொலைக்காட்சி நிலையக் கட்டடத்தை விரைவாகப் பார்வையிட்டு, பயன்படுத்தலாம் என்று பச்சை அட்டை ஒட்டினார்கள். விரைவுப் பார்வை கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தைத்தான் தேடும், தூணுக்குள் கம்பி எப்படிக் கட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 2011 பெப்ரவரி 22ஆம் திகதி மதியம் 12.51க்கு நகரத்துக்கு மிக அருகிலேயே, ஆழமில்லாத இடத்தில் நிலம் உடைந்தது. அந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து அதற்குள் மட்டும் 115 பேர் இறந்தார்கள். நகரத்தில் இறந்த 185 பேரில் பாதிக்கு மேல் அந்த ஒரு கட்டடத்தில். வடிவமைப்பிலேயே குறை இருந்ததென்று பிறகு அமைந்த அரச ஆணைக்குழு சொன்னது.

யாரிடம் கேட்க வேண்டும் என்று காட்டிவிடுங்கள். முடிந்தால் அவரிடமே கூட்டிப்போங்கள். கண்முன்னே ஆபத்தைக் கண்டால் மட்டும் தயங்காமல் வெளியே வரச் சொல்லுங்கள்.

ஒரே துறை ஆட்கள் மட்டும் போவது

பிரித்தானியாவில் 1982இலிருந்து ஈஃபிற் (EEFIT) என்ற நிலநடுக்கக் களக் குழு இயங்குகிறது. அதில் பல்கலைக்கழக ஆய்வாளரும் கம்பனிகளில் வடிவமைக்கும் பொறியியலாளரும் ஒன்றாகப் போகிறார்கள். அது தேவைப்பட்டுத்தான் செய்கிறார்கள். ஆய்வாளருக்குக் கருவி சொல்வது புரியும். கட்டுகிறவருக்கு, வரைபடத்தில் உள்ள கம்பி வளையத்தை மேசன் ஏன் ஒன்றுவிட்டு ஒன்று போட்டார் என்று புரியும். என்னைக் கேட்டால் மூன்றாவதாக ஓர் உள்ளூர் மேசனையும் சேர்ப்பேன்.

ஐந்தாவது முறையாகக் கேட்பது

பக்தபூரில் ஒரு தாய், மொழிபெயர்த்த மாணவியிடம் சொன்னார்: இதையே கேட்டு வந்த ஐந்தாவது குழு நீங்கள். அவருடைய மாமியார் அந்தச் சுவருக்குக் கீழேதான் இறந்திருக்கிறார். நான் கொப்பியை மூடிவிட்டேன். போகுமுன் உள்ளூர் ஆட்களிடம் கேளுங்கள், யார் ஏற்கெனவே எதைப் பதிந்துவிட்டார்கள் என்று. இழவு வீட்டுக்குள் படிவத்தோடு போகாதீர்கள்.

பதிவைத் தூக்கிக்கொண்டு வருவது

2018இல் நாங்கள் நிரப்பிய படிவங்களில் ஒரு பிரதிகூட அந்தக் கிராமத்தில் இல்லை. போன வருடம் அங்கே போனபோது கிராம அலுவலர் என்னிடம் கேட்டார், அந்த வெள்ளத்தின் விபரம் ஏதும் கைவசம் இருக்கிறதா என்று. வண்டியில் ஏறுமுன் ஒரு பிரதி அவருடைய மேசையில் இருக்க வேண்டும்.