பள்ளப் பக்கம் கல் அடுக்காதீர்கள்: பாலைவன மலைப்பாதைப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரிசோனாவில் வெயில் தணிந்த பிறகுதான் பாதை வேலை சூடுபிடிக்கும். ஸ்காட்ஸ்டேல் நகரை ஒட்டிய மெக்டவல் சோனோரன் பாதுகாப்பு நிலம் 30,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பு. அதற்குள் 200 மைலுக்கும் மேல் நடைபாதைகள் ஓடுகின்றன. தன்னார்வலர்கள் இல்லாமல் இவ்வளவு நீளத்தைப் பேணுவது நடக்காத காரியம். அக்டோபர் பிறந்தால் புதுமுகங்கள் வருவார்கள். சாண்ட்லர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களும் அதில் உண்டு. எல்லோருக்கும் நல்ல மனம், நல்ல உழைப்பு. நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே அபத்தங்களை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் கொண்டுவாருங்கள், தொப்பி போடுங்கள், பாம்பு இருக்கிறதா என்று பார்த்துக் கால் வையுங்கள் என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். இங்கே அவை வேண்டாம்.

பாதையோரம் கல் வரிசை

புதியவர் கையில் ஒரு மெக்ளவுடைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் அந்தப் பக்கம் போனால் போதும். (ஒரு பக்கம் அகலத் தகடு, மறுபக்கம் தடித்த பற்கள் கொண்ட கருவி, மண்வெட்டி வேலையும் வாரி வேலையும் அதிலேயே முடியும்.) திரும்பி வந்து பார்த்தால் பாதையின் பள்ளப் பக்க ஓரத்தில் கற்கள் வரிசையாக நிற்கும். பூங்காவின் பூப்பாத்தி மாதிரி அழகாகத்தான் இருக்கும். கூட வந்தவர்கள் படம் எடுப்பார்கள். எனக்கு அங்கேயே எரிச்சல் ஏறும்.

காரணம் மழை. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 200 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. ஆனால் ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை நீளும் பருவமழைக் காலத்தில், பெய்யும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். காய்ந்து இறுகிய நிலம் அதை உறிஞ்சாது. நீர் மலைச்சரிவு முழுவதும் மெல்லிய விரிப்பாகப் பரவி இறங்கும். சரிவின் குறுக்கே வெட்டிய பாதை அந்த நீரை ஒரு நொடிகூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீர் பாதையைக் கடந்து பள்ளப் பக்கம் இறங்கிப் போய்விட வேண்டும். அதற்காகத்தான் பாதையைப் பள்ளப் பக்கமாகச் சுமார் 5 சதவீதம் சாய்த்து வெட்டுகிறோம்: ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் தாழ்வு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, நீருக்குத் தெரியும்.

அந்த ஓரத்தில் கல் அடுக்கினால் நீர் வெளியேற வழியில்லை. பாதையிலேயே நீளவாக்கில் ஓடத் தொடங்கும், ஓட ஓட வேகம் கூடும். இங்குள்ள மண்ணோ சிதைந்த கருங்கல்லின் உதிர்மணல், அரிக்க வசதியானது. ஒரே மழையில் பாதையின் நடுவில் வாய்க்கால் விழும். நடப்பவர்கள் வாய்க்காலில் இறங்கமாட்டார்கள், பக்கத்தில் நடப்பார்கள். பாதை இரண்டாகும், மூன்றாகும். மிதிபட்ட செடி திரும்பி வருவதைப் பார்க்க நமக்கு ஆயுள் போதாது. வயலுக்கு வரப்பு உயர வேண்டும். பாதைக்கு வரப்பே கூடாது.

பட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. துடிப்பான ஓர் இளைஞர் வளைவுக்குக் கீழே இருந்த நீண்ட சரிவில் தனியாகவே கல் வரிசை கட்டி முடித்தார். வேலை முடியும் நேரமாகிவிட்டதால் அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அடுத்த முறை வருவதற்குள் கோடை வந்தது, ஆகஸ்ட் மழையும் வந்தது. முழங்கால் ஆழத்துக்குப் பாதை அறுந்து கிடந்தது. போன மண் போனதுதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தோண்டி, வாளி வாளியாகச் சுமந்து நிரப்பினோம். அந்தப் பருவத்தில் வேறு எந்த வேலையும் நகரவில்லை. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் பெயர்த்து உருட்டிவிட்ட அதே கற்களை மறு ஆண்டு வந்த வேறொரு நல்லவர் மெனக்கெட்டுப் பொறுக்கி வந்து, அதே ஓரத்தில் அடுக்கியிருந்தார்! அன்றிலிருந்து பெயர்த்த கற்களைப் பார்வைக்கு எட்டாத தூரத்தில் சிதறிப் போடுகிறோம்.

கல் அடுக்காவிட்டாலும் வரப்பு தானாகவே வளரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நடப்பவர்களின் கால்களும் சைக்கிள் சக்கரங்களும் மண்ணை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மேட்டை வெட்டிச் சாய்வை மீட்பதுதான் எங்கள் வேலையில் பாதி. வெட்டிய மண்ணை ஓரத்திலேயே குவித்தால் செய்ததும் வீண். இடையிடையே பாதையைச் சற்றுத் தாழ்த்தி நீர் வெளியேற வைத்திருக்கும் இறக்கங்களின் வாயிலும் இதே கதைதான். மண்ணும் சருகும் அடைத்திருந்தால் அகலமாகத் திறந்துவிடுங்கள். அதை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கல் வைத்து மூடாதீர்கள்.

பாதையைக் கீழிருந்து தாங்கும் கற்சுவர் வேறு விஷயம். அதன் தலை பாதையின் மட்டத்துக்கு மேல் வராது. நடப்பவர்களைப் பாதைக்குள் நிறுத்துவதற்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய கல்லைப் புதைப்பதும் சரிதான். இடைவெளி இருக்கும்வரை நீருக்குத் தடையில்லை.

கருத்த கல்லைப் பெயர்ப்பது

படிக்கட்டுக்குக் கல் வேண்டும் என்றால் பக்கத்தில் கிடப்பதை எடுப்பதுதான் இயல்பு. ஆனால் இங்குள்ள பல பாறைகளின் மேல் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த கரும்படலம் படிந்திருக்கிறது. அது உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இந்தப் படலத்தைக் கொத்தித்தான் இங்கே வாழ்ந்த பழங்குடிகளான ஹோஹோகாம் மக்கள் பாறைச் சித்திரங்கள் வடித்தார்கள். கடப்பாரையால் நெம்பினால் கல்லின் வெளிறிய அடிப்பக்கம் மேலே வந்துவிடும். சரிவில் அந்த வெள்ளைத் திட்டு தொலைவிலிருந்தே தெரியும். பாதையிலிருந்து மறைவான இடத்தில் எடுங்கள். எடுத்த கல்லைப் பதிக்கும்போதும் கருத்த முகம் மேலே இருக்கட்டும்.

ஆமையைத் தூக்குவது

கூடாது. பயந்தால் சேமித்து வைத்த நீரை வெளியேற்றிவிடும். அடுத்த மழைவரை அதற்கு வேறு நீர் கிடைக்காமல் போகலாம்.

குறுக்குவழியை ஒரு கல் வரிசையால் மூடுவது

குறுக்குவழியில் போகிறவர் கல்லைப் பார்த்து நிற்கமாட்டார், தாண்டிப் போவார். கண்ணுக்கு வழி தெரியும்வரை காலும் போகும். ஆகவே வழியையே மறைக்க வேண்டும். முதல் திருப்பம்வரை இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, காய்ந்த கிளைகளைப் படுக்கப் போடாமல் செடிபோல் நிமிர்த்தி நட வேண்டும். அவை நிழல் தரும், காற்றில் வரும் விதையையும் பிடித்துவைக்கும். உயிருள்ள கள்ளியைப் பிடுங்கி வந்து நடாதீர்கள்; உள்ளூர்ச் செடிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

கிளை வெட்டும்போதும் மரத்தடியைப் பாருங்கள். பாலோ வெர்டே மரத்தின் நிழலில்தான் சகுவாரோ என்ற தூண்போல் உயரும் கள்ளியின் கன்று பிழைக்கும். முதல் எட்டு ஆண்டுகளில் அது விரல் நுனி அளவுக்குத்தான் வளரும். வெட்டிய கிளையை இழுக்கும்போது நசுங்கினால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சோயா (cholla) கள்ளியைக் கையால் எடுப்பது

இந்தக் கள்ளியின் முள் துண்டு உடம்பில் ஒட்டிக்கொண்டால் சீப்பால் எடுங்கள்.

புல்தானே என்று நினைப்பது

நம் ஊரில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனமாக வளர்க்கும் கொழுக்கட்டைப் புல்தான் இங்கே பெரிய எதிரி. 1930களில் கால்நடைத் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அரிசோனாவுக்குக் கொண்டுவந்தார்கள். சோனோரன் பாலைவனச் செடிகள் இடைவெளி விட்டு வளர்பவை. தீ பிடித்தாலும் எளிதில் பரவாது. அந்த இடைவெளியை இந்தப் புல் நிரப்பிவிடுகிறது. காய்ந்து நின்று கடும் வெப்பத்துடன் எரிகிறது, சகுவாரோவுக்கோ தீயைத் தாங்கும் பழக்கமில்லை.

மேலாகக் கிள்ளினால் பயனில்லை, மீண்டும் தழைக்கும். தூரோடு கடப்பாரையால் பெயர்க்க வேண்டும். அதற்கு முன் அடையாளத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்; உள்ளூர்ப் புற்களிலும் சில இதைப்போலவே இருக்கும். கதிரிலிருந்து விதைகளை உருவிவிட்டு, எஞ்சிய தண்டைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். கதிர் முற்றியிருந்தால் முதலில் அதைப் பையில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் தூரில் கை வைக்க வேண்டும். பையை வண்டிவரை நீங்களே சுமந்து வாருங்கள். பாதையோரம் விட்டுவந்த பைகளை நானே பலமுறை சுமந்திருக்கிறேன்.