பழைய ஐரோப்பியக் காரை வாங்கலாமா? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவில் வந்திறங்கி முதலாவது குளிர்காலம் முடிவதற்குள் அநேகமாக எல்லோருக்கும் ஒரு கார் தேவைப்பட்டுவிடுகிறது. வேலை பிராம்ப்டனிலோ ஏஜாக்ஸிலோ கிடைக்கிறது. இரவு வேலை முடிகிற நேரத்தில் பஸ் அரிதாகவே வருகிறது. கையிலுள்ள ஆறாயிரம் டொலரை மனதில் வைத்துக்கொண்டு பாவித்த கார் விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்குபவருக்கு விரைவிலேயே ஒரு விசித்திரம் கண்ணில் படும். பன்னிரண்டு வயதான ரொயோட்டா கொரோலாவுக்குக் கேட்கிற அதே விலைக்கு அதே வயதுடைய பி.எம்.டபிள்யூ, பென்ஸ் அல்லது அவுடி கிடைக்கிறது. தோல் இருக்கை, கூரைக் கண்ணாடி, நான்கு சக்கர இழுவை எல்லாம் அதில் இருக்கும். புதிதாக இருந்தபோது கொரோலாவைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விலைக்கு விற்ற கார் அது.

இந்த விலையைப் பார்த்து அதிர்ஷ்டம் என்று நினைப்பதற்கு முன், இதே விளம்பரத்தை இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் பார்த்துவிட்டு ஏன் கடந்து போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். காரின் விலைதான் வயதோடு இறங்குகிறது; உதிரிப்பாகத்தின் விலையும் அதைக் கழற்றிப் பூட்டுவதற்குச் செல்லும் மணித்தியாலங்களும் இறங்குவதில்லை. ஐம்பதாயிரம் டொலர் காருக்கென்று செய்யப்பட்ட நீர்ப்பம்பி, அந்தக் கார் ஐயாயிரம் டொலருக்கு விலைபோகும் நாளிலும் ஐம்பதாயிரம் டொலர் காரின் நீர்ப்பம்பிதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஊரில் சொல்வது இந்தக் கார்களுக்கு அச்சொட்டாகப் பொருந்தும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். இரண்டாவது குளிர்காலத்தில், பதினொரு வயதான ஒரு ஜெர்மன் காரை 5,200 டொலருக்கு வாங்கினேன். அதில் ஏறி இருந்தபோது கிடைத்த சுகத்தை இப்போதும் மறுக்கமாட்டேன். 401 நெடுஞ்சாலையில் அது போன போக்கில், பனிமழையிலும் பயம் வரவில்லை. மூன்றாவது மாதம், மார்க்கம் வீதி வெளியேற்றத்துக்குச் சற்று முன்பாக, வெப்பநிலை எச்சரிக்கை மஞ்சளாக எரிந்து, ஒரு நிமிடத்துக்குள் சிவப்பாக மாறியது. மின்சாரத்தில் இயங்கும் நீர்ப்பம்பி நின்றுபோயிருந்தது. இழுத்துச் சென்ற கூலி, பம்பி, தெர்மோஸ்ரற், குளிரூட்டும் திரவம், வேலைக்கூலி, வரி எல்லாம் சேர்ந்து 1,640 டொலர். அதற்கடுத்த மாதம் ஒயில் கசிவு, அதற்கடுத்து முன்பக்க சஸ்பென்ஷன். ஒரு வருடம் முடிவதற்குள், கார் வாங்கிய காசுக்கு ஏறக்குறைய ஈடான தொகையைத் திருத்துவதற்கே கொடுத்திருந்தேன். கார் மோசமான கார் அல்ல. அந்த வயதில் அந்தக் கார் கேட்பதைக் கேட்டது. அதைக் கொடுக்கிற நிலையில் நான்தான் இருக்கவில்லை.

திருத்தச் செலவு எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் வேறு சில செலவுகள் வாங்கிய நாளிலிருந்தே தொடங்கிவிடும். இந்தக் கார்களில் பெரும்பாலானவை 91 ஒக்டேன் பெற்றோல் கேட்பவை. ஒன்ராறியோவில் அது சாதாரண பெற்றோலைவிட லீற்றருக்கு இருபது முதல் முப்பது சதம் வரை கூடுதலாக விற்கிறது. வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் ஓடி, நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் எரிந்தால், பெற்றோலின் தரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 500 டொலர் மேலதிகமாகப் போகும். ஒயில் மாற்றும்போதும் அப்படித்தான். பி.எம்.டபிள்யூவின் ஆறு சிலிண்டர் என்ஜின் ஒன்றுக்கு ஆறரை லீற்றர் முழுச் செயற்கை ஒயில், அதுவும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரக் குறியீடு உள்ளது, ஊற்ற வேண்டும். கடையில் மலிவுக்குக் கிடைக்கிற எதையும் ஊற்ற முடியாது. 2000களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய பல பி.எம்.டபிள்யூக்களில் பற்றரியை மாற்றினால்கூட, புதிய பற்றரி பூட்டப்பட்டதைக் கணினி வழியாகக் காருக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

காப்புறுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக வந்து, ஜி2 எனப்படும் இடைநிலை ஓட்டுநர் உரிமத்தோடு, கனடாவில் ஓட்டிய வரலாறு இல்லாத ஒருவருக்கு, ஒரு வருடக் காப்புறுதிக் கட்டணம் காரின் விலையை எட்டிவிடுவதும் உண்டு. காரின் வகையும் கட்டணத்தைத் தீர்மானிக்கும் என்பதால், முற்பணம் கொடுப்பதற்கு முன்பே காரின் 17 எழுத்து அடையாள எண்ணைக் காப்புறுதி முகவரிடம் கொடுத்து, அதே நாளில் ஒரு கொரோலாவுக்கும் கட்டணம் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காரைப் பிடித்துப்போன பிறகு கேட்கிற எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மனம் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சிறு தடுமாற்றம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஐரோப்பியக் கார் என்றால் அடித்தாலும் சாகாதது, கம்பியும் சவர்க்காரமும் இருந்தால் ஓடவைக்கலாம் என்கிற நம்பிக்கை எங்கோ உள்ளே கிடக்கிறது. அந்தக் கார்களில் ஒரு கார்பரேட்டரும் ஒரு டிஸ்ரிபியூட்டரும் இருந்தன. இன்றைய பழைய பென்ஸில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டசின் கணக்கான கணினிப் பெட்டிகள் இருக்கின்றன. ஒரு கதவின் பூட்டு பழுதானால் அதைக் கண்டுபிடிக்கவே மெக்கானிக் ஒரு மணித்தியாலக் கூலி எழுதுவார்.

ஐரோப்பியக் கார் என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுவிடவும் கூடாது. எந்த ஆண்டு, எந்த என்ஜின் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. 2009 முதல் 2011 வரையிலான அவுடி ஏ4 கார்களின் இரண்டு லீற்றர் ரேர்போ என்ஜின், பிஸ்ரன் வளையங்களின் குறையால் ஒயில் குடிப்பதற்குப் பெயர்பெற்றது. 2012 முதல் வந்த பி.எம்.டபிள்யூ 328ஐ கார்களின் நான்கு சிலிண்டர் என்ஜினில், உள்ளுறுப்புகளை ஒரே தாளத்தில் சுழலவைக்கும் சங்கிலியான ரைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்ரிக் வழிகாட்டிகள் உடைந்து, என்ஜினே போய்விட்ட கதைகள் பல. அதற்கு முன், 2007 முதல் 2011 வரை வந்த 328ஐ செடானில் இருந்த ரேர்போ இல்லாத ஆறு சிலிண்டர் என்ஜின் நல்ல உறுதியானது. ஆனால் அதிலும் மின்சார நீர்ப்பம்பி, ஒயில் ஃபில்ரர் பொருந்தும் இடத்துக் கஸ்கற் (கசிவைத் தடுக்கும் அடைப்பு), மேல்மூடிக் கஸ்கற் ஆகிய மூன்றும் ஒருநாள் செலவு வைக்கும். 2003 முதல் 2005 வரையிலான வொல்வோ எக்ஸ்சி90 டி6 வாகனங்களில் கியர்பெட்டி பலவீனமானது. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த பென்ஸ்கள் துருவுக்குப் பேர்போனவை. சுவீடன் காரான சாப் மிக மலிவாகக் கிடைக்கும். அந்த நிறுவனம் 2011 டிசெம்பரில் வங்குரோத்தானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உதிரிப்பாகத்தைப் பற்றி யோசியுங்கள்.

கடந்த மாசியில் என் மருமகனோடு ஒரு கார் பார்க்கப் போயிருந்தேன். காலை ஒன்பது மணி, மறை பதினான்கு பாகை. காரைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன், கையுறையைக் கழற்றி பொனற்றின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. நாங்கள் வருவோம் என்று தெரிந்தும், காரைத் தொட வேண்டாம், குளிர்ந்தபடியே விடுங்கள் என்று முதல்நாள் சொல்லியிருந்தும், விற்பவர் ஓடவிட்டிருக்கிறார். பனி தட்டுவதற்காக என்றார். ரைமிங் செயின் தளர்ந்திருந்தால், இரவு முழுக்கக் குளிர்ந்த என்ஜினை முதன்முதலில் முடுக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். ஒயில் ஏறியதும் அடங்கிவிடும். அந்தச் சில விநாடிகளை எங்களுக்குத் தராத காருக்கு நாங்கள் எதற்குக் காசு தர வேண்டும்? ஒயில் மூடியைத் திறந்து பார்த்தோம், ஒயிலில் குளிரூட்டும் திரவம் கலந்திருக்கலாம் என்று காட்டும் பால்கோப்பி நிறப் படிவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் பின்சக்கர வளைவின் உட்புறத்தை விரலால் தட்டியபோது, கப்பல் பிஸ்கற் உடைவதுபோல் துரு உதிர்ந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வீதியில் கொட்டும் உப்பின் வேலை அது. காரின் கணினியில் பதிந்த பிழைகளை வாசிக்கும் சிறிய ஓ.பி.டி. கருவியைக் கொண்டுபோயிருந்தோம்; அதைச் செருகினால், பிழைக் குறி ஒன்றும் இல்லை. ஆனால் காரின் தன்சோதனைகளில் பெரும்பாலானவை “முடியவில்லை” என்று காட்டின. யாரோ பிழைகளை அண்மையில் அழித்திருக்கிறார்கள் என்பதற்கு அது வலுவான அறிகுறி. “மாமா, விலை நல்லாத்தானே இருக்கு, கொஞ்சம் குறைச்சுக் கேட்டுப் பாப்பமே” என்றான் மருமகன். நான் பதில் சொல்லாமல் எங்கள் காரில் போய் ஏறிவிட்டேன்.

மறுநாள் அந்த அடையாள எண்ணுக்குரிய பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோது, உரிமையாளர் பெயர் நாங்கள் பேசியவரின் பெயர் அல்ல என்று தெரிந்தது. அனுமதியில்லாமல் கார் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்து, தன் சொந்தக் கார்போலக் காட்டுபவரை இங்கே கேர்ப்சைடர் என்பார்கள். விற்பவரின் உரிமத்தையும் காரின் பதிவுப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபார்ப்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

தனியாரிடம் வாங்கும்போது, யூ.வி.ஐ.பி. எனப்படும் பாவித்த வாகனத் தகவல் கோவையை விற்பவர் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்குக் கிடைக்கும். மாகாணத்துக்குள் அந்தக் கார் யார் யாரிடம் இருந்தது, அதன்மேல் கடன் ஏதும் நிற்கிறதா என்பதை அதில் பார்க்கலாம். கடன் நின்றால், கார் கைமாறினாலும் கடன் காரோடு வரும். விபத்து வரலாற்றுக்குக் கார்ஃபக்ஸ் கனடா அறிக்கையைத் தனியாக எடுக்க வேண்டும். பதிவுபெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால், ஒம்விக் என்ற ஒழுங்குபடுத்தும் சபையின் விதிகள் உங்களைப் பாதுகாக்கும். திருத்தச் செலவு 3,000 டொலரைத் தாண்டிய விபத்துச் சேதத்தை அவர் எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். ஆனால் கையெழுத்திட்டபின் மனம் மாறினால் திருப்பிக் கொடுப்பதற்கென்று அவகாசம் எதையும் சட்டம் தருவதில்லை.

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது “சேஃப்டி” என்ற சொல்லில்தான். சேஃப்டி சான்றிதழ் பிறேக், ரயர், விளக்கு, ஸ்ரியரிங், துரு போன்றவை அந்த ஒரு நாளில் குறைந்தபட்ச அளவுக்கு இருந்தன என்று மட்டுமே சொல்கிறது; 36 நாட்களுக்குச் செல்லுபடியாகும்; அது உத்தரவாதம் அல்ல. ரைமிங் செயின் தளர்ந்த, கியர்பெட்டி தடுமாறுகிற கார் சட்டப்படியே சேஃப்டி எடுத்துவிடும். டிரைவ் கிளீன் எனப்பட்ட புகைப் பரிசோதனையும் சாதாரணக் கார்களுக்கு 2019 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், முன்பு அதில் பிடிபட்ட கோளாறுகளும் இப்போது உங்கள் தலையில்தான் வந்து விடியும். ஆகவே, விற்பவரோடு தொடர்பில்லாத, ஐரோப்பியக் கார்களில் பழகிய ஒரு கராஜுக்குக் கொண்டுபோய், 150 முதல் 250 டொலர் வரை கொடுத்து, காரைத் தூக்கி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு விற்பவர் மறுத்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

அப்படியென்றால் யார் வாங்கலாம்? வீட்டில் ஏற்கெனவே நம்பகமான ஒரு கார் நிற்கிறது. காரின் விலைக்கு அப்பால் மூவாயிரம் டொலர் தொடாமல் வங்கியில் கிடக்கிறது. கார் ஒரு கிழமை கராஜில் நின்றாலும் வேலை போகாது. நல்ல மெக்கானிக் ஒருவரைத் தெரியும், அல்லது உங்களுக்கே ஸ்பனர் பிடிக்கத் தெரியும். இவை எல்லாம் இருந்து, பராமரிப்புப் பற்றுச்சீட்டுகள் ஒரு கோப்பு நிறைய உள்ள, ஓரிருவரின் கையில் மட்டும் இருந்த, நல்ல என்ஜின் உள்ள காரும் அகப்பட்டால், மனமார வாங்குங்கள். அந்த விலையில் அந்தச் சுகம் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் முதலாவது வேலைக்குப் போவதற்கு இருக்கிற ஒரே கார் இதுதான் என்றால், கொரோலா, சிவிக், மஸ்டா 3 ஆகியவற்றில் ஒன்றைப் பாருங்கள். என் மருமகன் ஆறு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மஸ்டாதான் வாங்கினான்.

எந்தக் காரை வாங்கினாலும், வாங்கி ஆறு நாட்களுக்குள் சேர்விஸ் ஒன்ராறியோவில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவர் கையொப்பமிட்ட பதிவுப் பத்திரம், தகவல் கோவை, சேஃப்டி சான்றிதழ், காப்புறுதி அட்டை, உங்கள் ஓட்டுநர் உரிமம் ஆகியவை கையில் இருக்கட்டும். தனியாரிடம் வாங்கியதற்கு அங்கேயே 13 வீத வரி கட்ட வேண்டும். நீங்கள் கொடுத்த விலை, பாவித்த கார்களுக்கான விலைப் புத்தகத்திலுள்ள மொத்த வியாபார விலை ஆகிய இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி என்பதால், “பத்திரத்தில் குறைத்து எழுதலாம்” என்று விற்பவர் காட்டும் ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். குளிர்கால ரயர் பூட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. முகவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.