பாராவில் நிற்கும் தம்பிக்கு

31 வருட போலீஸ் வேலை, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றேன். ஸ்டேஷனில் இரவு பாரா, அதாவது காவல் முறை, பார்க்கும் பையன்கள் இப்போதும் என்னிடம் கேட்பது இதுதான்: "ஐயா, குடித்துவிட்டு வந்தவன் லாக்கப்பில் செத்தால் நாம் என்ன செய்வது? அவன் குடித்தான், அவன் செத்தான்."

அப்படித் தப்ப முடியாது தம்பி. காவலில் இருப்பவரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்வது வைத்திருப்பவரின் கடமை என்கிறது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 56ஆம் பிரிவு. குடிகாரருக்கு அதில் விலக்கு கிடையாது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 355இன்படி வெறுங்காவல் அதிகபட்சம் 24 மணி நேரம். கவனக்குறைவால் அந்த ஆள் இறந்தால் 106இன்படி உங்களுக்கு 5 வருடம் வரை.

எனவே முதலில் ஜி.எச்., பிறகுதான் ஸ்டேஷன். போதைச் சான்று கிடைத்ததும் ஜீப்பில் ஏறிவிடாதீர்கள்; அது கேஸுக்கு ஆகும், ஆளுக்கு ஆகாது. தலையில் அடி இருக்கிறதா, சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் கிடந்த ஒருவரைத் தூக்கி வந்தோம். சாராய வாடை, பலத்த குறட்டை. 'தூங்குகிறான்' என்று சொல்லியே இரண்டு பாரா மாறியது. மூன்றாவதாக வந்த ஏட்டையாதான் இமையைத் திறந்து பார்த்தார்; ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரிந்திருந்தது. மண்டைக்குள் ரத்தக்கட்டு. ஆள் பிழைத்தார். அந்தக் குறட்டையை நான் இன்னும் மறக்கவில்லை.

லாக்கப்பில் மல்லாக்கப் படுக்க விடாதீர்கள், வாந்தி மூச்சுக்குழலில் இறங்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இங்கிலாந்துப் போலீஸ் விதிப்படி அரை மணிக்கொருமுறை எழுப்பிப் பேச்சுக் கொடுக்க வேண்டும். நாமும் செய்யலாம், காசா பணமா? பெயர் கேட்டுப் பதில் வராவிட்டால் உடனே 108.

தெளிந்துவிட்டார் என்று அசந்துவிடவும் கூடாது. தினமும் குடிப்பவருக்கு நிறுத்திய இரண்டு நாளுக்குள் கை நடுங்கி, வியர்த்து, வலிப்பு வரலாம். அப்புறம் சுவரோடு பேசுவார். நடிப்பு என்று நினைக்காதீர்கள். ரிமாண்டுக்குப் போகிறார் என்றால் குடிப்பழக்கத்தை எழுத்தில் தெரிவியுங்கள், நீதித்துறை நடுவருக்கும் சிறை டாக்டருக்கும்.

எழுப்பிய நேரத்தை ஸ்டேஷன் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் அப்போதைக்கப்போது எழுதுங்கள். காலையில் ஒரே மூச்சாக எழுதினால் கேமரா காட்டிக்கொடுக்கும். கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு.

இறந்தேவிட்டால் எதையும் கழுவாதீர்கள், திருத்தாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். முன்பு வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. விசாரித்தார், 2006இலிருந்து நீதித்துறை நடுவர். இழப்பீடு அரசு தரும்: 1993இல், காவலில் மகனை இழந்த நீலபதி பெஹரா என்ற தாயின் வழக்கில் ஒன்றரை லட்சம் தரச் சொன்னார்கள். ஆனால் வேலை போகும் ஆபத்தும் வழக்கும் உங்கள் தலையில்.

பாரா மாறும்போது சாவியை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். வருகிறவரை உள்ளே கூட்டிப்போய், அவர் முன்னாலேயே ஆளை எழுப்பிப் பெயர் கேட்டுவிட்டுப் போங்கள்.