சூட்டை ஏற்றாதீர்கள்: வீட்டில் சோல்டரிங் ஸ்டேஷனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை

சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்குப் போனாலும், பழுதான வானொலியையோ தீபாவளி சீரியல் லைட்டையோ தானே திறந்து பார்க்கும் ஓர் இளைஞர் இருப்பார். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்திலிருந்தே, கெட்டுப்போன பொருளை உடனே தூக்கி எறிகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அது நல்ல பழக்கம். ஈயக்கம்பியை உருக்கி உதிரிபாகங்களைப் போர்டில் (மின்சுற்றுப் பலகையில்) பற்றவைக்க உதவும், வெப்பக் கட்டுப்பாடு உள்ள சோல்டரிங் ஸ்டேஷன் இன்று நூறு, இருநூறு வெள்ளிக்கே ஆன்லைனில் கிடைப்பதால், பல வீடுகளுக்குள் அது வந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாளோ பெரும்பாலும் அரைகுறை ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கும். முதன்முறையாக இதை வாங்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கருவியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த வெப்பக் கட்டுப்பாட்டைத்தான். சுவரில் நேரடியாகச் செருகும் மலிவான சோல்டரிங் அயனில் சூட்டை நிறுத்த ஏற்பாடு எதுவும் இல்லை. சும்மா வைத்திருந்தாலே அதன் முனை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடக்கூடும். ஸ்டேஷனில் ஹீட்டரோடு ஒரு வெப்ப உணரி இருக்கிறது. வைத்த அளவுக்குச் சூடு வந்ததும் மின்சாரம் குறைக்கப்படும், ஆறினால் மறுபடியும் கொடுக்கப்படும். இவ்வளவு வசதி இருந்தும், ‘ஈயம் சீக்கிரம் உருகட்டும்’ என்று பலர் குமிழை 450-க்குத் திருப்பி வைக்கிறார்கள். புகை கூடுவது, முனை கறுப்பது, போர்டில் செம்புத்தடம் உரிந்து வருவது எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

படி 1: பிளக்கையும் எர்த்தையும் பாருங்கள்

பெட்டியைப் பிரித்ததும் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். கருவியின் பின்பக்கத் தகட்டில் 220–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 110 வோல்ட் என்றிருந்தால் அது நம் மலேசியாவுக்கு ஆகாது, திருப்பி அனுப்பிவிடுங்கள். கைப்பிடிக்கு எத்தனை வோல்ட் போகிறது என்பதையும் பாருங்கள். ஹக்கோ நிறுவனத்தின் 936 வகையிலும் அதைப் பின்பற்றி வந்த பல ஸ்டேஷன்களிலும் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, கைப்பிடிக்குச் செல்வது 24 வோல்ட்தான். தவறுதலாகச் சூடான முனை கைப்பிடி வயரைத் தொட்டு உருக்கினாலும் வீட்டு மின்சாரம் உங்கள் கைக்கு வராது. கைப்பிடிக்கே 220 வோல்ட் போகும் மாதிரிகளும் ‘ஸ்டேஷன்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது எர்த். நம் வீடுகளில் இரண்டு முள் பிளக் வந்தால், சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவைக் குத்தி அதைச் செருகும் வழக்கம் இருக்கிறது. சோல்டரிங் ஸ்டேஷனுக்கு ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள். உள்ளே ஏதாவது ஒரு வயர் கழன்று உலோகப் பகுதியைத் தொட்டால், அந்த மின்சாரத்தை நிலத்துக்கு எடுத்துச் சென்று உங்களைக் காப்பாற்றுவது மூன்றாவது முள்தான். பயண அடாப்டர்களையும் நம்ப வேண்டாம். அவற்றில் பலவற்றில் எர்த் தொடர்பே இருக்காது. மூன்று சதுர முள் உள்ள 13 ஆம்பியர் பிளக்கை, சிரிம் (SIRIM) தர முத்திரை பார்த்து வாங்கி, தெரிந்த எலெக்ட்ரீஷனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். 60 வாட் கருவி கால் ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். அதனால் பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், அதை 3 ஆம்பியருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். கருவியைச் சாக்கெட்டிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு, முனை ஆறிய நிலையில், பிளக்கின் நீளமான எர்த் முள்ளுக்கும் சோல்டரிங் முனைக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். ஓரிரு ஓம் காட்டினால் நல்லது. எதுவுமே காட்டவில்லை என்றால், விற்றவரிடம் கேட்டுத் தெளிவு பெறும்வரை கருவியைப் பயன்படுத்த வேண்டாம்.

வீட்டு சுவிட்ச் பெட்டியில் (டிபி பாக்ஸ்) இருக்கும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபியின் ‘டெஸ்ட்’ பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் சோல்டரிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பழைய தாமான் வீடுகளில் இந்தச் சோதனையை வருடக்கணக்கில் யாரும் செய்வதில்லை.

படி 2: இடம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வரிசை வீடுகளில் தனிப் பட்டறை யாருக்கும் கிடையாது. ஹாலில் இருக்கும் ஒரே மேசையில்தான் சாப்பாடு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், அம்மா காய்கறி நறுக்குவது எல்லாம் நடக்கும். அந்த மேசையில் சோல்டரிங் வேண்டாம். ஈயத்துளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாகச் சிதறும், அது சோற்றுத் தட்டுக்குப் போகக்கூடாது. சமையலறையும் வேண்டாம். சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். போர்டைத் துடைக்கப் பயன்படுத்தும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலின் ஆவி, எரிகிற விளக்கருகே எளிதில் தீப்பற்றும். சூடான அயன் பக்கத்திலும் அந்தப் புட்டியைத் திறந்து வைக்காதீர்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்ற இடம், ஜன்னலோரம் போடும் ஒரு சிறு மடக்கு மேசை, அல்லது மழைச்சாரல் அடிக்காத முன் போர்ச். மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். மிச்சமாகக் கிடக்கும் ஒரு பெரிய தரை டைல்ஸ் போதும், சூடு பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஸ்டேண்டை நீங்கள் அயன் பிடிக்கும் கையின் பக்கம் வையுங்கள், வலக்கைக்காரர் என்றால் வலப்பக்கம். இடப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு முறையும் சூடான முனை உங்கள் மறுகைக்கு மேலாகத்தான் போய்வரும். வயர் மேசை விளிம்பில் தொங்கக்கூடாது. ஓடி வரும் குழந்தையின் காலில் மாட்டினால் சூடான அயன் அதன் மேலேயே விழும்.

ஒருவேளை அயன் மேசையிலிருந்து நழுவினால், பிடிக்கப் போகாதீர்கள். விழட்டும் என்று கையை இழுத்துக்கொள்ளுங்கள். முனை உடைந்தால் புதியது வாங்கலாம். 936 வகை ஸ்டேஷன்களுக்குப் பொருந்தும் 900எம் வகை முனைகள் மலிவு. ஈப்போவின் மின்னணு உதிரிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைக்கும்.

பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, விரல் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். நைலான் ஜெர்சி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியும் அவசியம்: உதிரிபாகங்களின் மிச்சக் கம்பிக் கால்களைக் கட்டரால் வெட்டும்போது துண்டு தெறித்துக் கண்ணில் படுவது, ஈயம் தெறிப்பதைவிட அதிகமாக நடக்கும்.

படி 3: எந்த ஈயக்கம்பி?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். 63/37 என்று எழுதியிருப்பது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது, 183 டிகிரியில் உருகும். பழகுவதற்கு எளிது, பளபளப்பாக வரும். மற்றது காரீயம் இல்லாதது. வெள்ளீயத்தோடு சிறிது செம்பு கலந்த வகை 227 டிகிரியில் உருகும். ஓட்டம் சற்றுக் குறைவு, மூட்டு கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், கடினமாக இருந்தாலும் காரீயம் இல்லாததையே வாங்குங்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும். ‘காரீயம் புகையாக மூக்கில் ஏறும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். சோல்டரிங் செய்யும் சூட்டில் காரீயம் கவலைப்படும் அளவுக்கு ஆவியாகாது, அதன் கொதிநிலை 1,700 டிகிரிக்கும் மேல். அது உடலுக்குள் போவது கைவழியாக வாய்க்குத்தான். ஆகவே ஈயக்கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்காதீர்கள். வேலைக்கு நடுவில் கறிபஃப் சாப்பிடுவதோ சிகரெட் பிடிப்பதோ வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

எந்த வகையானாலும், நடுவில் ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) உள்ள, மின்னணு வேலைக்கான 0.8 மில்லிமீட்டர் கம்பி வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் பற்றவைக்கும் அமில ஃபிளக்ஸ் போர்டை அரித்துவிடும்.

படி 4: சூட்டை வைப்பது

காரீயம் உள்ளதற்கு 320-இலிருந்து 340 டிகிரி. இல்லாததற்கு 350-இலிருந்து 370. இதற்கு மேல் போக நினைக்கும்போது முனையைப் பாருங்கள். ஊசிபோன்ற கூர்முனையைத்தான் பெரும்பாலும் பெட்டியில் வைத்துத் தருகிறார்கள்; அதனால் போர்டுக்குச் சூட்டைக் கடத்த முடிவதில்லை. 2.4 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான உளிமுனையை மாட்டினால், அதே 330 டிகிரியில் ஈயம் உடனே ஓடும். சூடு போதவில்லை என்று தோன்றும் இடங்களில் பாதிக்குமேல் தேவைப்படுவது அகலமான முனைதான். முனையை மாற்றும்போது கருவியை அணைத்து ஆறவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

சூடேறியதும் முனையில் உடனே சிறிது ஈயம் தடவி, அது முழுவதும் வெள்ளிபோல் பூசிக்கொள்ளும்படி செய்யுங்கள். முனையின் உள்ளே செம்பு, வெளியே இரும்புப் பூச்சு. கறுத்துப்போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது. பூச்சு போய்விட்டால் ஈயம் செம்பைத் தின்று, முனை குழிவிழுந்து வீணாகும். பித்தளைச் சுருளில் குத்தித் துடைப்பது நல்லது. பஞ்சு என்றால் நனைத்து நன்றாகப் பிழிந்து பயன்படுத்துங்கள்.

படி 5: முதல் மூட்டு

உதிரிபாகத்தின் காலையும் போர்டின் செம்பு வளையத்தையும் முனை ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு நொடி பொறுத்து, முனைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக்கம்பியைக் கொடுங்கள். முனைமேல் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய்த் தடவாதீர்கள். வழியிலேயே ஃபிளக்ஸ் எரிந்துபோகும். கம்பியை முதலில் எடுங்கள், பிறகு முனையை. எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நொடிதான். ஈயம் இறுகும்வரை போர்டை அசைக்க வேண்டாம். நல்ல மூட்டு, நெல் குவித்த அடிபோல் ஓரத்தில் சரிந்து வளையத்தோடு ஒன்றியிருக்கும். உருண்டையாகக் குந்தியிருந்தால் அது பிடிக்கவில்லை. மறுபடியும் சூடாக்கி, சிறிது புதிய ஈயம் கொடுங்கள்.

படி 6: புகை

மேலே எழும் வெண்புகை ஃபிளக்ஸில் உள்ள பைன் பிசினிலிருந்து வருகிறது. மணம் மோசமாக இராது, அதனாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு அறியப்பட்ட காரணங்களில் பிசின் புகையும் ஒன்று. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு புகையும் இளைப்பைக் கொண்டுவரும். சூட்டைக் குறைவாக வைத்தால் புகையும் குறையும் என்பதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

மேலே சுற்றும் காற்றாடி புகையை வீடு முழுக்கப் பரப்பும், அதை நிறுத்திவிடுங்கள். மேசைக் காற்றாடியை ஜன்னலைப் பார்த்து வையுங்கள்: அதன் முன்பக்கம் வெளியே ஊத, பின்பக்கம் போர்டின் மேலிருக்கும் புகையை இழுக்க வேண்டும். காற்று போர்டின் மேல் நேரடியாக அடித்தால் மூட்டு ஆறிப்போகும். உங்கள் முகம் புகைக்கு நேர்மேலே இல்லாமல் சற்று விலகியிருக்கட்டும். ஆஸ்துமா உள்ள பாட்டியோ தம்பியோ வீட்டில் இருந்தால், போர்ச்சுக்குப் போய்விடுங்கள். புகைமூட்டம் வந்து ஜன்னலைச் சாத்த வேண்டிய நாட்களில் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

படி 7: நிறுத்துவது

அணைப்பதற்கு முன் முனையில் தாராளமாகப் புதிய ஈயம் பூசிவிட்டு அணையுங்கள். முனை கறுக்காமல் காப்பது அதுதான். பிறகு சாக்கெட் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். நம் பேராக்கில் பிற்பகல் இடிமழை எந்த நாளும் வரலாம், இடி கேட்டவுடனேயே உருவிவிடுவது நல்லது. அணைத்த பிறகும் முனை பல நிமிடங்கள் சுடும். கால் மணி நேரமாவது அப்படியே விட்டுவிட்டு எடுத்து வையுங்கள். ஒரு டீ குடிக்க எழுந்து போவதானாலும் அணைத்துவிட்டுப் போங்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வேலை முடியும்வரை அறைக்கதவைச் சாத்தியே வையுங்கள்.

சுட்டுவிட்டால்

மோதிரம், கடிகாரம் இருந்தால் உடனே கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, கிச்சாப், நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் பற்பசையோடு ஓடி வருவார்கள், அன்பாகவே மறுத்துவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, தோல் வெளுத்தோ கருகியோ போயிருந்தாலோ, முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள், அவசரத்துக்கு 999.

எதைத் தொட வேண்டாம்

முதல் சில மாதங்கள் பேட்டரியில் ஓடும் பொருட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: டார்ச்லைட், விளையாட்டுச் சாமான், கையடக்க வானொலி, அறுந்த இயர்ஃபோன். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் சோல்டரிங். லித்தியம் செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைக்கவே கூடாது. சூட்டில் அது தீப்பற்றி வெடிக்கக்கூடும். சுவரில் செருகும் பவர் சப்ளை, மைக்ரோவேவ், பழைய குழாய் டிவி ஆகியவற்றில் பிளக்கை உருவிய பிறகும் மின்தேக்கிகளில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். பக்கத்து வீட்டு அங்கிள் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும், அவற்றைத் தெரிந்த கடைக்கே அனுப்பிவையுங்கள்.